வீட்டுக்கு அனுமதி வாங்கிய கதை

(நமது கூட்டமைப்பின் ஆண்டுப் பேரவைக் கூட்டத்தில் பேசியது)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. பத்தாவது வரைக்கும்தான் படிச்சேன். குழுவில் தீர்மானம் வாசிக்கிறப்பவே குரல் நடுங்கும். ஆனா போன மாசம் செயலாளர் அக்கா வீட்டுக்கு வந்து, "நீ வீடு கட்ட அலைஞ்சதை அப்படியே சொல்லு போதும், நம்ம ஊர்ல இந்த வருஷம் பத்துப் பேராவது கட்டப் போறாங்க"ன்னு சொன்னாங்க. அதனால எழுதி வச்சுக்கிட்டுப் பேசுறேன். நடுவுல மறந்துட்டா பொறுத்துக்கங்க.

எங்க வீடு மாமனார் காலத்து ஓட்டு வீடு. அஞ்சரை சென்ட் நத்தம். மண் சுவர். ஐப்பசி வந்தா எந்த ஓட்டுக்குக் கீழ எந்தப் பாத்திரம்னு எனக்கு மனப்பாடம். என் வீட்டுக்காரர் கொத்தனார் வேலைக்குப் போறவர். ஊருக்கெல்லாம் வீடு கட்டுறவர், நம்ம வீடு ஒழுகுதேன்னு ஒவ்வொரு மழைக்கும் சண்டை. கடைசியில் 2024 ஆனி மாசம் முடிவு பண்ணினோம். கையில சேமிப்பு ஒன்றரை லட்சம் இருந்தது. மீதிக்கு வங்கிக் கடன்னு கணக்கு. ஒரு ஹால், ரெண்டு ரூம், சமையல்கட்டு, எல்லாம் சேர்த்து 750 சதுர அடி.

இங்கதான் நாங்க பண்ணின முதல் தப்பு. ஆவணியில் நல்ல நாள் இருக்குன்னு வீட்டை இடிச்சிட்டோம். ஓட்டை இறக்கி, உத்திரத்தை விற்று, பக்கத்துலயே தகரக் கொட்டகை போட்டு அதுல குடியேறினோம். வாஸ்து பூஜை போட்டு வாணமும் தோண்டியாச்சு. அனுமதின்னு ஒண்ணு வாங்கணும்னு எங்களுக்குத் தெரியாதா என்றால், தெரியும். ஆனா "கிராமத்துல யாரு கேக்கப் போறா"ன்னு நினைப்பு. என் வீட்டுக்காரரே எத்தனையோ வீடு அனுமதி இல்லாம கட்டிக் கொடுத்திருக்கார். அவர் பேச்சைத்தான் நானும் நம்பினேன்.

வங்கிக்குப் போனோம். எந்த வங்கின்னு சொல்லலை, எல்லா வங்கியிலும் இதைத்தான் கேப்பாங்க. பட்டா, பத்திரம், வில்லங்கச் சான்று, அங்கீகரிச்ச வரைபடம், ஊராட்சி அனுமதி. எங்ககிட்ட இருந்தது பட்டா ஒண்ணுதான். அதுவும் யார் பேரில்? 2017-ல இறந்துபோன மாமனார் பேரில். அந்த மேனேஜர் பேப்பரைத் திருப்பித் தள்ளிவிட்டு, "இடமே உங்க பேர்ல இல்லையேம்மா"ன்னார். எனக்குக் காது அடைச்சுப் போச்சு. ஏழு வருஷமா அந்த இடத்துலதான் கோலம் போடுறேன், வீட்டு வரி கட்டுறேன். வரி ரசீது இருந்தா இடம் நம்மளதுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். வரி ரசீது உரிமைப் பத்திரம் ஆகாது. நம்ம குழுவுல நிறைய பேர் இன்னமும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருக்கீங்க, எனக்குத் தெரியும்.

அதே வாரம் ஊராட்சியில இருந்து ஆள் வந்து, அனுமதி இல்லாம வேலை செய்யக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போனாங்க. அதுக்கு மறுநாள் ஒருத்தர் வந்தார். யாருன்னு சொல்ல மாட்டேன். "இருபத்தஞ்சாயிரம் குடுங்க, எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன்"ன்னார். என் வீட்டுக்காரர் கொடுத்துடலாம்னு சொன்னார். மழைக்காலம் வருது, வீட்டை வேற இடிச்சாச்சு, பொண்ணு பத்தாவது படிக்கிறா. அவர் பயம் எனக்குப் புரிஞ்சது. நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "அண்ணே, ரசீது குடுப்பீங்களா?" சிரிச்சார். குழுவுல பத்து ரூபாய்க்கு ரசீது போட்டுப் பழகின கை இது. ரசீது இல்லாத காசு என்னால கொடுக்க முடியலை.

குழுக் கூட்டத்துல சொல்லி அழுதேன். நம்ம கணக்காளர் அக்காதான், "அழாத, தாலுகா கோர்ட்டுல இலவச சட்ட உதவி மையம் இருக்கு, பொம்பளைகளுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் காசு வாங்க மாட்டாங்க"ன்னு கூட்டிக்கிட்டுப் போனாங்க. அங்க ஒரு வக்கீல் அம்மா பொறுமையா ஒரு தாளில் படம் போட்டு விளக்கினாங்க. மாமனார் உயில் எழுதாம இறந்துட்டார். அப்படின்னா அவர் பேரில் இருக்கிற இடத்துக்கு அத்தை, மூத்தார், என் வீட்டுக்காரர், நாத்தனார், நாலு பேருக்கும் சம பங்கு. "பொண்ணுக்குமா?"ன்னு என் வீட்டுக்காரர் கேட்டார். "இப்படி அப்பா சொந்தச் சொத்துல பொண்ணுக்குப் பங்கு 1956 சட்டத்துலயே இருக்குங்க. பூர்வீகச் சொத்துலயும் உண்டுன்னு தமிழ்நாட்டுல 1989-ல கொண்டு வந்தாங்க, நாடு முழுக்க 2005-ல வந்தது"ன்னாங்க. நான் பொறக்கிறதுக்கு முன்னாடியே இருந்த சட்டம். எனக்கு முப்பத்தாறு வயசுலதான் தெரிஞ்சது.

முதல்ல வாரிசுச் சான்று. மாமனார் இறப்புச் சான்று, எல்லாருடைய ஆதார் எல்லாம் வச்சு இ-சேவை மையத்துல விண்ணப்பிச்சு, தாசில்தார் கிட்ட இருந்து வந்தது. அதுல நாலு பேர் பேரும் இருந்தது. மூத்தார் பிரச்சனை பண்ணலை. அவருக்கு மாமனார் இருக்கும்போதே வயலைக் கொடுத்துட்டாங்க, "தம்பி பேருக்கு நான் விடுதலை எழுதித் தர்றேன்"ன்னு சொல்லிட்டார். அத்தையும் சரின்னுட்டாங்க. நாத்தனாரைப் பத்தி யாருமே யோசிக்கலை. "அவ வந்து ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போவா, பதினஞ்சு பவுன் போட்டுத்தானே கட்டிக் கொடுத்தோம்"ன்னு பேச்சு.

தீபாவளிக்கு நாத்தனார் புள்ளைங்களோட வந்திருந்தா. தகரக் கொட்டகையில மழை அடிச்சுக்கிட்டு இருக்கு. சாப்பிட்டு முடிச்சதும் என் வீட்டுக்காரர் சாதாரணமா, "அடுத்த வாரம் ரிஜிஸ்டர் ஆபீசுக்கு ஒரு நடை வந்துட்டுப் போ பாப்பா"ன்னார். அவ உடனே பதில் சொல்லலை. அப்புறம் என்னைப் பாத்துச் சொன்னா, "அண்ணி, நீங்க உங்க அப்பா வீட்டுல கையெழுத்துப் போட்டப்ப என்ன வாங்கினீங்க?"

எனக்குப் பதில் இல்லை. நான் மணப்பாறைப் பக்கம் பொறந்தவ. அப்பா இறந்த வருஷம் எங்க அண்ணன் கூப்பிட்டார், போனேன். எந்தப் பேப்பர், என்ன எழுதியிருக்குன்னு படிக்கக்கூட இல்லை. பத்தாவது வரைக்கும் படிச்சவதான், படிக்கலை. கையெழுத்துப் போட்டேன். ஒரு பட்டுச் சேலை எடுத்துக் கொடுத்தாங்க, பஸ் ஏறி வந்துட்டேன். அந்தச் சேலையைத்தான் அன்னைக்கு தீபாவளிக்குக் கட்டியிருந்தேன்.

என் வீட்டுக்காரர் கோவத்துல எழுந்து போயிட்டார். அத்தை, "பொறந்த வீட்டுக்கு இப்படியா கேக்கிறது"ன்னு அழுதாங்க. நாத்தனார் ரெண்டு விஷயம் கேட்டா. ஒண்ணு, அம்மா இருக்கிற வரைக்கும் இந்த வீட்டுல இருக்க உரிமைன்னு பத்திரத்துல எழுதணும். ரெண்டாவது, அவ பங்குக்கு ஒரு லட்சம்.

உண்மையைச் சொல்றேன், முதல் கோரிக்கைதான் எனக்கு ரொம்ப வலிச்சது. பதினாறு வருஷமா அத்தைக்குச் சோறு போடுறவ நான். நான் விரட்டிடுவேன்னு நினைக்கிறாளேன்னு ராத்திரி பூரா தூக்கம் இல்லை. அப்புறம் யோசிச்சேன். நான் விரட்ட மாட்டேன். நாளைக்கு நான் இல்லாம போனா? கடன் கட்ட முடியாம இடம் கை மாறினா? அத்தை கையெழுத்துப் போட்டதுக்கப்புறம் அவங்ககிட்ட ஒரு சென்ட் கிடையாது. நம்ம குழுவுலயே எத்தனை கிழவிகள் எல்லாத்தையும் எழுதிக் கொடுத்துட்டு திண்ணையில கிடக்கிறாங்க. அவ கேட்டது நியாயம்னு காலையில எனக்கே பட்டுது.

பணத்துக்குத்தான் சண்டை நடந்தது. பத்து நாள் என் வீட்டுக்காரர் என்கூடப் பேசலை. "நீயும் அவ பக்கம்தானா"ன்னு கேட்டார். நான் சொன்னேன், "கால் பங்கு அவளுது. வெளியில வாங்கினா இந்த விலைக்குக் கிடைக்காது. என் பங்குக்கு நான் கேக்காம விட்டது என் முட்டாள்தனம், அதுக்கு அவ ஏன் நஷ்டப்படணும்?" கடைசியில அறுபதாயிரம் உடனே, மீதி நாற்பதாயிரம் மாசம் நாலாயிரமா பத்து மாசம்னு பேசி முடிச்சோம். அந்த அறுபதுல ஐம்பது நம்ம குழுவோட உள்கடன். தீர்மானம் போட்டு அன்னைக்கே கொடுத்தீங்க, மறக்க மாட்டேன்.

கார்த்திகையில விடுதலைப் பத்திரம் பதிவாச்சு. குடும்பத்துக்குள்ள விடுதலைப் பத்திரம்னா வழிகாட்டி மதிப்புல முத்திரைத் தீர்வை நூற்றுக்கு ஒண்ணு, பதிவுக் கட்டணமும் நூற்றுக்கு ஒண்ணு. 2023 ஜூலையில இருந்து தீர்வைக்கு உச்சவரம்பு நாற்பதாயிரம், பதிவுக் கட்டணத்துக்குப் பத்தாயிரம். நம்ம கிராமத்து இடத்துக்கு அவ்வளவு வராது. பயந்துக்கிட்டு வாய்ப் பேச்சாவே விட்டு வைக்காதீங்க. எழுதினப்புறம் அத்தை பத்திரத்தைப் படிக்கச் சொன்னாங்க. எழுத்தர் அவசரமா வாசிச்சார். நான் வாங்கி, வீட்டுல இருக்கும் உரிமை வரியை மட்டும் ரெண்டு தடவை படிச்சுக் காட்டினேன்.

அப்புறம் பட்டா மாற்றம். இ-சேவை மையத்துல அறுபது ரூபாய். வி.ஏ.ஓ. விசாரணைக்கு வந்தார், அளந்தார். அப்பதான் இன்னொரு கூத்து. பேப்பர்ல நாற்பது அடி அகலம், தரையில முப்பத்தெட்டரைதான் இருக்கு. ஒன்றரை அடி பக்கத்து வீட்டு வேலிக்குள்ள. அந்த வேலி நான் கல்யாணம் ஆகி வரும்போதே இருந்தது. இப்ப சண்டை போட்டா வீடு நடக்காதுன்னு அதை விட்டுட்டோம். விட்டது சரியா தப்பான்னு இன்னைக்கும் வீட்டுல ரெண்டு கட்சி.

மார்கழி முழுக்கப் பட்டாவுக்குக் காத்திருந்தோம். அந்தக் குளிர்ல தகரத்துல இருந்து பனித்தண்ணி புஸ்தகத்துல சொட்டும். பொண்ணு அரையாண்டுப் பரிட்சைக்கு என் ஓரகத்தி வீட்டுத் தாழ்வாரத்துல படிச்சா. ஒரு வார்த்தை குறை சொல்லலை. சொல்லியிருந்தாக்கூட பரவாயில்லைன்னு இருந்தது.

தை பொறந்து பட்டா வந்தது. ஆனா அந்த நேரம் பாத்து, 2025 ஜனவரி 5-ஓட நம்ம மாவட்டத்துல ஊராட்சித் தலைவர்கள் பதவிக்காலம் முடிஞ்சுபோச்சு. "தலைவர் இல்லை, இனிமே எலெக்சன் முடிஞ்சாத்தான் அனுமதி"ன்னு டீக்கடையில பேச்சு. அந்த இருபத்தஞ்சாயிரம் ஆளும் மறுபடி வந்தார். அப்படியெல்லாம் கிடையாது. தனி அலுவலர் பொறுப்புல இருந்தார். அதுவும் இல்லாம எங்க மாதிரி சின்ன வீட்டுக்கு 2024 ஜூலை 22-ல இருந்தே சுயசான்று முறை வந்துட்டுது. இடம் 2,500 சதுர அடிக்குள்ள, கட்டுற பரப்பு 3,500 சதுர அடிக்குள்ள, தரைத்தளம் இல்லைன்னா அதுக்கு மேல ஒரு மாடி, இவ்வளவுதான் இருந்தா கம்ப்யூட்டர்லயே விண்ணப்பிச்சு உடனே அனுமதி எடுத்துக்கலாம். வீடு முடிஞ்சதுக்கு முடிவுச் சான்றும் வாங்க வேண்டாம். நாங்க ஆவணியில இடிக்கும்போதே இது நடைமுறையில இருந்தது. சொல்ல ஆள் இல்லை.

துறையூர்ல பதிவு பெற்ற இன்ஜினியர் ஒருத்தரைப் பிடிச்சோம். படத்துக்கு ஆறாயிரம். வந்து பாத்தவர் எங்க வாணத்தைப் பாத்துத் தலையில கை வச்சார். தெருவை ஒட்டித் தோண்டியிருந்தோம். முன்னால அஞ்சடி காலி விடணும்னு சொன்னார். மழைத்தண்ணி சேகரிப்பு படத்துல இருக்கணும், அது 2003-ல இருந்தே எல்லா வீட்டுக்கும் கட்டாயம். செப்டிக் டேங்க்கை நாங்க கிணத்துப் பக்கம் நினைச்சு வச்சிருந்தோம், அதையும் பின்னால தள்ளினார். முன்பக்க வாணத்தை மூடி மறுபடி தோண்டினோம். ஆள் கூலி, கல், எல்லாம் சேர்த்து பதினெட்டாயிரம் மண்ணுல போச்சு. இருபது வருஷக் கொத்தனார் என் வீட்டுக்காரர், ஒரு நாள் பூரா பேசலை. படம் போட ஆறாயிரம் தண்டம்னு ஆரம்பத்துல சொன்னவரும் அவர்தான்.

விண்ணப்பம் நானே என் பொண்ணை வச்சுப் போட்டேன். ஒற்றைச் சாளர இணையதளம்னு இருக்கு. போன் நம்பர் கொடுத்தா ஓ.டி.பி. வரும். பட்டா, விடுதலைப் பத்திரம், வில்லங்கச் சான்று, இன்ஜினியர் போட்ட படம், காலி மனை போட்டோ எல்லாம் ஏத்தணும். வில்லங்கம் பதிவுத்துறை இணையதளத்துல காசில்லாமலே பாக்கலாம். கட்டணம் கட்டுற பரப்புக்குத் தக்க மாறும், அதுவே கணக்குப் போட்டுக் காட்டும். எங்களுக்கு வந்தது அந்த ஆள் கேட்டதைவிடக் குறைவு. ரசீதோட. கடைசியில ஒரு உறுதிமொழி வரும், நான் சொன்னதெல்லாம் உண்மைன்னு. அதை டிக் அடிச்சுட்டு அவசரப்பட்டுப் போயிடாதீங்க. சுயசான்றுன்னா பொறுப்பு நம்ம தலையில. படத்துல ஒண்ணு காட்டிட்டு வேற கட்டினா அனுமதி ரத்தாகும். நான் அந்த 38½ அடியைத்தான் போடச் சொன்னேன், 40-ன்னு போடலை.

சாயந்திரம் நாலரை மணி இருக்கும். அனுமதி ஆணை வந்து இறங்கினது. பொண்ணு சத்தமா வாசிச்சா. அத்தைக்குக் காது கொஞ்சம் மந்தம், "யாரு பேர்ல வந்திருக்கு"ன்னு கேட்டாங்க. அவங்க பையன் பேர்லதான். பட்டா யார் பேரிலோ, அனுமதியும் அவங்க பேரில்தான் வரும். கடன்ல மட்டும் நான் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருக்கேன். அதாவது கடன் என் தலையிலும் இருக்கு, இடம் என் பேரில் இல்லை. பாதியை எனக்குத் தானமா எழுதித் தரணும்னு கேட்டிருக்கேன். "வீடு முடியட்டும்"ங்கிறார். நான் விடப் போறதில்லை. அவர் இங்க பின்னால பந்தல்லதான் நிக்கிறார், கேட்டுக்கட்டும்.

அந்த ஆணையை வச்சுத்தான் தற்காலிக மின் இணைப்பு வாங்கினோம், மாசியில வங்கிக் கடன் ஆறு லட்சமும் வந்தது. இப்ப ஒட்டு முடிஞ்சு பூச்சு பாக்கி. ரூம்ல தரை போடலை. ஆனா இந்த ஐப்பசிக்குப் பாத்திரம் வைக்கலை. நாத்தனாருக்குப் பத்தாவது தவணை போன மாசத்தோட முடிஞ்சது. பணம் வாங்கினதும் எங்களுக்கு ஒரு நிலைக்கதவு எடுத்துக் கொடுத்தா. நான் வேண்டாம்னு சொல்லிப் பாத்தேன். "இது என் பங்குல இருந்து இல்ல அண்ணி, சீர்"னா. அதுக்கு அப்புறம் என் அண்ணனுக்கு நான் ஒரு போன் பண்ணினேன். என்ன பேசினோம்ங்கிறதை இங்க சொல்ல முடியாது, இன்னும் முடியலை.

வீடு கட்டப் போறவங்க யாராவது இருந்தா, எங்க வீட்டு ஃபைலை அந்தப் பின்பக்க மேஜையில வச்சிருக்கேன். வாரிசுச் சான்றுல இருந்து அனுமதி ஆணை வரைக்கும் வரிசையா இருக்கு. போட்டோ எடுத்துக்கங்க, ஜெராக்ஸ் எடுத்துக்கங்க. ஒரிஜினலை மட்டும் திரும்ப உள்ளே வச்சிடுங்க. சந்தேகம் இருந்தா சாப்பாட்டு நேரத்துல கேளுங்க, நான் இங்கதான் பரிமாறிக்கிட்டு இருப்பேன்.

தையில குடி போறோம். தேதி குறிச்சதும் ஒவ்வொரு குழுவுக்கும் வந்து சொல்றேன்.